பூமியை நிறுத்திய பூனைகள்: வாசகர் கேள்வி – பதில்

பியூச்சராமா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ‘தட் டார்ன் காட்ஸ்!’ எபிசோட் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 2010 ஆகஸ்ட் 5 அன்று கொமடி சென்ட்ரலில் முதன்முதலாக ஒளிபரப்பானது இது.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: பூமியின் சுழற்சிச் சக்தியைப் பயன்படுத்தும் கருவி ஒன்றை ஏமி வோங் தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக முன்வைக்கிறாள். பேராசிரியர் காட்ஸ் அதை நிராகரிக்கிறார். ஆனால் காட்ஸ் வெறும் பொம்மை. அவரை ஆட்டிவைப்பது அவருடைய பூனை. பண்டைய எகிப்தில் வந்திறங்கிய வேற்றுக்கோள் இனம்தான் பூனைகள். கீசாவின் பெரிய பிரமிட்டை அன்டெனாவாக்கி, பூமியின் சுழற்சியை உறிஞ்சி, தங்கள் கோளான துபான் 9க்கு அனுப்பப் பார்க்கின்றன. ஏமியும், தொடரில் செல்லப் பிராணியாக வரும் நிப்ளரும் பூமியை மறுபடி சுழல வைக்கிறார்கள், ஆனால் எதிர்த்திசையில்.

முந்தைய வார எபிசோட் அளவுக்கு இது இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் தீர்ப்பு என்ன? (ஹட்டன்)

முந்தைய வாரம் வந்தது ‘த லேட் பிலிப் ஜே. ஃப்ரை’. 2011இல் எம்மி விருது வாங்கிய எபிசோட் அது. அதற்கு அடுத்து எது வந்திருந்தாலும் குட்டையாகத்தான் தெரிந்திருக்கும். பூனைகளின் கொஞ்சலை வைத்து வரும் நகைச்சுவை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்ற குறையை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் பிரமிட்டுக்குள் கதை நுழைந்த பிறகு அதில் பிடிமானம் இருக்கிறது. முக்கியமாக, முடிவு பலர் நினைப்பதுபோல் வெறும் கிறுக்குத்தனம் அல்ல; அதைக் கீழே விளக்குகிறோம். இந்த எபிசோடுக்குப் பத்துக்கு ஏழு கொடுப்போம்.

பூமியின் சுழற்சியில் உண்மையில் எவ்வளவு சக்தி இருக்கிறது? பூனைகளின் திட்டம் பௌதிகவியல்படி நடக்குமா? (தலவாக்கலை, உயர்தர மாணவி)

கணக்கு எளிது. சடத்துவத் திருப்பத்தை (ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) கோணவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். பூமியின் சடத்துவத் திருப்பம் 8.04 × 10³⁷ கிலோகிராம் மீற்றர் வர்க்கம். கோணவேகம் செக்கனுக்கு 7.29 × 10⁻⁵ ஆரையன். விடை ஏறத்தாழ 2.14 × 10²⁹ யூல்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில்தான். சடத்துவத் திருப்பம் என்பது திணிவு × ஆரையின் வர்க்கம் × ஒரு குணகம்; பூமியைச் சீரான திண்மக் கோளமாக எடுத்து அதற்கு 2/5 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது விடை 20 சதவீதம் கூடிவிடும். பூமியின் நடுவில் இரும்பு அடர்ந்து கிடப்பதால் சரியான குணகம் 0.33. மற்றது, ஒரு சுழற்சிக்கு 24 மணி அல்ல, 23 மணி 56 நிமிடம். அதனால் வரும் பிழை சிறியது.

உங்கள் ஊரிலேயே இருக்கும் மேல் கொத்மலை மின்நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவாற்று. அது ஒரு நொடியும் நிற்காமல் முழு வேகத்தில் ஓடினாலும் இத்தனை சக்தியைத் தர 45 இலட்சம் கோடி ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

சரி, திட்டம் நடக்குமா? இங்கேதான் பூனைகள் மாட்டிக்கொள்கின்றன. சுழலும் பொருளில் சக்தி மட்டும் இல்லை, கோண உந்தமும் (சடத்துவத் திருப்பத்தை கோணவேகத்தால் பெருக்கி வருவது) இருக்கிறது. சக்தியை வேறு வடிவத்துக்கு மாற்றலாம். கோண உந்தத்தை அழிக்க முடியாது, யாரிடமாவது கைமாற்றித்தான் ஆகவேண்டும். பூமியின் கோண உந்தம் சுமார் 5.86 × 10³³ நியூட்டன் மீற்றர் செக்கன். 2.14 × 10²⁹ யூலையும் ஒளிக்கற்றையாக்கி, பூமத்திய ரேகையில் நின்று தரையை உரசியபடி அனுப்பினாலும் அந்தக் கற்றை கொண்டுபோகும் கோண உந்தம், தேவையானதில் 13 இலட்சத்தில் ஒரு பங்குதான். கீசா 30 பாகை வடக்கில் இருப்பதால் இன்னும் குறையும். நிலா இந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது: கடற்பெருக்கின் உராய்வு வழியாக பூமியின் கோண உந்தத்தை வாங்கிக்கொண்டு மெல்ல விலகிப் போகிறது. அதனால் நமது நாள் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிசெக்கன் நீள்கிறது.

ஏமியின் ஆய்வைப் பரிசீலிக்கும் நேர்மையான ஒரு பரீட்சகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “கோண உந்தம் எங்கே போகிறது?” அதைக் கேட்காமல் ஓர் ஆய்வைத் தூக்கி எறிவது அநியாயம். கேள்விக்குப் பதில் தேடும் வாய்ப்பு மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பூமி திடீரென நின்றால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து காட்ட வழி உண்டா? (நுவரெலியா)

உண்டு. இரண்டு முட்டை போதும். ஒன்று பச்சை, மற்றது நன்றாக அவித்தது. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கொழும்பில் 10 நிமிடம் என்றால் நீங்கள் 14 நிமிடம் அவியுங்கள். மஞ்சள் கரு இளகியிருந்தால் அவித்த முட்டையும் பச்சை முட்டை போலவே நடந்து பரிசோதனையைக் கெடுக்கும்.

ஆறிய பிறகு, சமமான மேசையில் எவர்சில்வர் தட்டொன்றை வைத்து, முட்டையைப் படுக்கவைத்துச் சுண்டிச் சுழற்றுங்கள். சுழலும்போது மேலே ஒரு விரலை வைத்து நிறுத்தி, கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துவிடுங்கள். அவித்தது நின்ற இடத்தில் நிற்கும். பச்சை முட்டை தானாகத் திரும்பச் சுழலத் தொடங்கும். ஓடு நின்றாலும் உள்ளே இருக்கும் திரவம் நிற்கவில்லை, அதுதான் காரணம். விரலை அதிக நேரம் வைத்திருந்தால் உள்ளிருப்பதும் நின்றுவிடும். பலருக்குச் சரிவராமல் போவது இதனால்தான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையையும் உடனே சுழற்ற வேண்டாம், வெண்கரு தடித்திருக்கும்.

பூமியும் அப்படியே. தரை நின்றாலும் காற்றும் கடலும் நிற்காது. நுவரெலியா இருக்கும் அகலக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தரை நின்ற கணத்தில் மற்றதெல்லாம் அதே வேகத்தில் கிழக்கே பறக்கும். மெதுவாக, 77 நிமிடம் எடுத்து நிறுத்தினால்? மேசையில் உள்ள தேநீர்க் கோப்பை வழுக்காது. ஆனால் ஒரு கிலோமீற்றர் நீளமான நீர்த்தேக்கத்தில் கிழக்கு முனையின் நீர்மட்டம் மேற்கு முனையைவிட 10 மீற்றர் உயர்ந்துவிடும். கடலின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியில் பூமி எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறதே, அது வெறும் பகிடியா? உண்மையில் அப்படி நடந்தால் எங்கள் பக்கம் என்ன மாறும்? (பண்டாரவளை)

வெறும் பகிடி இல்லை. சக்திக் கணக்கில் கோணவேகம் வர்க்கமாக வருகிறது. வர்க்கத்தில் திசை தொலைந்துபோகும். இடமாகச் சுழன்றாலும் வலமாகச் சுழன்றாலும் அதே 2.14 × 10²⁹ யூல்தான். சக்தியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று அது சொல்லாது. நமக்கு இந்த எபிசோடில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி உங்கள் ஊர். தெற்கிலிருந்து பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் காற்றை பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்புகிறது. அதனால் அது தென்மேல் பருவக்காற்றாக வந்து ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையின் கிழக்குப் பக்கமான ஊவாவுக்குக் காய்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்தக் காய்ந்த காற்றில்தான். சுழற்சி மாறினால் காற்று இடப்பக்கம் திரும்பி, தென்கிழக்கிலிருந்து வரும். பண்டாரவளையில் அடைமழை, மேற்குப் பக்கத்துத் திம்புளையில் காய்ந்த காற்று. தை மாதத்தில் இதற்கு நேர்மாறு. இரண்டு பக்கத்துத் தேயிலைப் பருவமும் இடம் மாறிக்கொள்ளும்.

இது முதற்படிக் கணிப்புத்தான். கடல் நீரோட்டங்களும் மாறும். 2018இல் ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவன ஆய்வாளர்கள் எதிர்த்திசைப் பூமியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சகாரா பச்சையானது, பிரேசில் பக்கம் பாலைவனம் உருவானது.

சூரியன் மேற்கில் உதிக்கும். சிவனொளிபாத மலையில் விடியற்காலையில் மேற்கே விழும் முக்கோண நிழல், மஸ்கெலியாப் பக்கம் விழும்.

பூனைகள் எகிப்திலிருந்துதானே வந்தன? (கொட்டகலை)

எகிப்தியர் பூனையைத் தெய்வமாகக் கொண்டாடியது உண்மை. ஆனால் சைப்பிரஸ் தீவில் மனிதருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட 9,500 ஆண்டுப் பழமையான பூனை கிடைத்திருக்கிறது. பெரிய பிரமிட்டுக்கு வயது ஏறத்தாழ 4,600 ஆண்டு.

துபான் என்று உண்மையில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா? இங்கிருந்து தெரியுமா? (மஸ்கெலியா)

இருக்கிறது, ஏறத்தாழ 300 ஒளியாண்டு தூரத்தில். எழுத்தாளர்கள் நன்றாக யோசித்துத்தான் அந்தப் பெயரை எடுத்திருக்க வேண்டும் என்பது நமது எண்ணம். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் துருவ நட்சத்திரம் காலத்துக்குக் காலம் மாறும். பிரமிட் கட்டப்பட்ட காலத்தில் வடதுருவத்துக்கு மிக அருகில் இருந்தது துபான்தான்.

இன்றைய துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானிலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும், மலை மறைத்துவிடும். துபான் 33 பாகை வரை ஏறுவதால் வசதி. யூன் மாதம் இரவு 9 மணிக்கு உச்சத்தில் நிற்கும், ஆனால் மஸ்கெலியாவில் அப்போது மழையும் மூட்டமும். பெப்ரவரி பிற்பகுதியில் அதிகாலை 4 மணிக்கு வெளியே வந்து நேர் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் அருந்ததியோடு நிற்கும் வசிஷ்டரைப் பிடியுங்கள். அங்கிருந்து சிறு கரடி நட்சத்திர மண்டலத்தின் கிண்ண ஓரத்து இரண்டு நட்சத்திரங்களுக்கு மனதில் ஒரு கோடு போட்டால், ஏறத்தாழ நடுவில் தனியாக மங்கலாகத் தெரிவது துபான். தேயிலைத் தொழிற்சாலை விளக்கு கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டாம். லயத்தின் பின்பக்கம் போய், பத்து நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள்.