துல்லியம் ஒன்று, ஆங்கிலத்தில் சொல் இரண்டு

கேள்வி: அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்குமே அகராதியில் ‘துல்லியம்’ என்றுதான் போட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், இரண்டும் வேறு வேறு என்று அடித்துச் சொல்கிறாள். ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் அப்படி என்ன தப்பு?

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. உண்மைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறோம் என்பது அக்யூரசி. எத்தனை தடவை அளந்தாலும் விடை ஒன்றுபோல வருகிறதா, எவ்வளவு நுணுக்கமாக வருகிறது என்பது பிரிசிஷன்.

உங்கள் எடை 61 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஜிட்டல் மெஷினில் மூன்று தடவை ஏறி நிற்கிறீர்கள், மூன்று தடவையும் 64.2 என்று காட்டுகிறது. அசையவே இல்லை, புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வேறு. பார்த்ததும் நம்பத் தோன்றும், ஆனால் அது சொல்வது தப்பு. அதாவது பிரிசிஷன் இருக்கிறது, அக்யூரசி இல்லை. அப்புறம் முள் ஆடுகிற ஒரு பழைய மெஷினில் ஏறினால் 60, 62, 61 என்று மாறி மாறிக் காட்டுகிறது. இதில் சீர் இல்லை, ஆனாலும் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள், சரியான எடை வந்துவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கியைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது, 2.4 மீட்டர் அகலக் கண்ணாடி, அவ்வளவு வழவழப்பாக, அவ்வளவு நுணுக்கமாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் அனுப்பிய படங்கள் மங்கல். தேய்க்கும்போது வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது, அந்தக் கருவி காட்டியபடியே கண்ணாடியைத் தேய்த்ததால் ஓரம் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. இதில் எனக்கு மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. நுணுக்கம் குறைந்த வேறு கருவிகள், வடிவம் சரியில்லை என்று அப்போதே காட்டின. அவை மட்டமான கருவிகள்தானே என்று அந்த அளவுகளைத் தள்ளிவிட்டார்கள்! உண்மையைச் சொன்னது அவைதான். பிரிசிஷனைப் பார்த்து அக்யூரசி என்று நம்பியதன் விளைவு இது.

நல்லவேளை, பிழை கண்ணாடி முழுக்க ஒரே ஒழுங்கில் இருந்தது. எவ்வளவு தப்பு என்று கணக்கிட முடிந்ததால், 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், பார்வைக் குறைக்கு மூக்குக்கண்ணாடி போடுகிற மாதிரி திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள், படங்கள் தெளிந்தன. ஒழுங்காகத் தப்புகிற கருவியைத் திருத்த முடிகிறது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு திசையில் தப்புகிற கருவியை இப்படித் திருத்த வழியில்லை, பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டியதுதான்.

எண்களிலும் இதே கதைதான். வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பை 3.14 என்றால் அக்யூரசி உண்டு, பிரிசிஷன் கொஞ்சம். 3.2417 என்றால் நாலு தசம இடம் இருக்கிறது, ஆனால் இரண்டாவது இலக்கத்திலேயே தப்பு. தசம இடங்கள் கூடக் கூட நம்பிக்கையும் கூடிவிடுகிறது நமக்கு, அங்கேதான் ஏமாறுகிறோம்.

பேச்சு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உங்களிடம் ‘பி பிரிசைஸ்’ என்றால், மேலோட்டமாகப் பேசாமல் குறிப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். ‘இஸ் தட் அக்யூரேட்?’ என்றால், நீங்கள் சொன்னது உண்மைதானா என்று கேட்கிறார். அவன் எப்போது வந்தான் என்ற கேள்விக்கு ‘நாலு மணிக்கு மேல்’ என்பது அக்யூரேட்டாக இருக்கலாம், பிரிசைஸ் இல்லை. உண்மையில் 4.20க்கு வந்தவனை ‘4.37க்கு வந்தான்’ என்றால் பிரிசைஸ், ஆனால் தப்பு. தமிழில் எழுதும்போது நான் அக்யூரசிக்குத் துல்லியம் என்றும் பிரிசிஷனுக்கு நுட்பம் என்றும் பிரித்துக்கொள்கிறேன், குழப்பம் வருவதில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் மகளிடமே திருகு அளவியை (கம்பி மாதிரி மெல்லிய பொருள்களின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜ்) எடுத்து முழுக்க மூடிக் காட்டச் சொல்லுங்கள். மூடிய பிறகும் அளவு பூச்சியத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். அதை ஒவ்வொரு அளவிலும் அவள் திருத்திக்கொண்டே வருவாள். ஹப்பிளுக்கு மாட்டிய மூக்குக்கண்ணாடியும் செய்தது அதே வேலையைத்தான்.