பேரோல் பார்க்கிறவர் எம்.ஏ. படிக்கலாமா?

(அம்பத்தூர் எஸ்டேட்டில் டைம் ஆபீஸ் எழுத்தராகச் சேர்ந்து, பர்சனல் மேனேஜராக ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பி.காம். முடித்து நான்கு வருஷமாக ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்தில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். சம்பளம் 27 ஆயிரம். அதில் 15 ஆயிரம் வீட்டுக்குப் போகிறது. தம்பி கல்லூரியில் படிக்கிறான். மனிதவளத்தில் எம்.ஏ. படிக்க ஆசை. மேம்பாடோ மேலாண்மையோ, எது கிடைத்தாலும் சரி. அப்பா, "படிப்பதென்றால் எம்.பி.ஏ. படி" என்கிறார். வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகலாமா, தபால் வழியில் சேரலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: "எது கிடைத்தாலும் சரி" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, முதலில் அதைப் பேசிவிடுவோம். இரண்டும் ஒன்றல்ல. ஆள் எடுப்பது, சம்பளம், லீவு, ஒழுங்கு நடவடிக்கை, தொழிற்சங்கப் பேச்சு எல்லாம் மேலாண்மையில் வரும். எடுத்த ஆளை வளர்ப்பது மேம்பாடு: பயிற்சி, வேலை மதிப்பீடு, அடுத்த பதவிக்குத் தயார் செய்வது, நிறுவனத்தின் பழக்கத்தையே மாற்றுவது. நம் நாட்டில் இதற்கென்று தனித்துறை வந்ததே 1975 வாக்கில்தான். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக்கும் டி.வி. ராவும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்குப் போட்டுக் கொடுத்த திட்டம் அதற்கு வழிவிட்டது. அதற்கு முன் எல்லாம் ஒரே பர்சனல் டிபார்ட்மென்ட். நான் சேர்ந்தபோதும் எங்கள் கதவில் அந்தப் பலகைதான் தொங்கியது. பிறகு ஒருநாள் பெயின்டர் வந்து 'எச்.ஆர்.டி.', அதாவது மனிதவள மேம்பாடு, என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளே அதே நாற்காலி, அதே வருகைப் பதிவேடு.

அந்தப் புதுப் பலகையை நம்பி நான் செய்த கூத்தைக் கேளுங்கள். சூப்பர்வைசர்கள் 22 பேரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி. பேச வந்தவர் கோட்டும் சூட்டுமாக முழுக்க ஆங்கிலத்தில் பொழிந்தார். கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தோம். 22 பேரும் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' டிக் அடித்திருந்தார்கள். நான் அதை ஃபைலில் கோத்து எம்.டி.யிடம் காட்டி நல்ல பெயரும் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து பிரஸ் ஷாப் பக்கம் போனால், அந்த 22 பேரில் ஒருவர் ஒரு அப்ரன்டிஸ் பையனை எல்லோர் முன்னாலும் "டேய்" போட்டு விரட்டிக்கொண்டிருக்கிறார். "என்னண்ணே, டிரெய்னிங்கெல்லாம்?" என்றேன். "பிரியாணி பிரமாதம் சார்" என்றார்.

கர்க்பாட்ரிக் என்கிற அமெரிக்கர் 1959-லேயே சொல்லி வைத்தது இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பயிற்சியை நான்கு படியில் அளக்க வேண்டும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. நான் முதல் படியிலேயே பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு இரண்டு வருஷ பயிற்சி பட்ஜெட் செலவானது. படிப்பால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது.

சரி, எங்கே படிப்பது? நேரடி வகுப்பு என்றால், எழும்பூர் காசா மேஜர் ரோட்டில் 1952 முதல் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், நுங்கம்பாக்கம் லயோலா ஆகியவற்றை நம் ஊரில் விசாரிக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலையில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் களப்பணி உண்டு. வாரத்தில் இரண்டு நாள் தொழிற்சாலைக்கோ நிறுவனத்துக்கோ போய், பார்த்ததை எழுதிக் காட்ட வேண்டும். கேன்டீனில் சாம்பார் சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த ஐம்பது பேரிடம் பேசிப் பார்த்த பிள்ளைக்கும், அதைப் பாடத்தில் படித்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் பத்து நிமிஷத்தில் தெரியும். அதனால் எந்தப் படிப்பானாலும் நான் முதலில் கேட்பது களப்பணி எத்தனை நாள் என்றுதான். பட்டத்தின் பெயர் எம்.ஏ.வா, எம்.பி.ஏ.வா என்பதை அப்புறம் பார்க்கலாம். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. மாதம் 15 ஆயிரத்தை எதிர்பார்த்து வீடு இருக்கிறது. தம்பி படிப்பு முடியவில்லை. வேலையை விடாதீர்கள். தபால் வழியில் சேருங்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மனிதவள எம்.பி.ஏ. இருக்கிறது, அப்பாவும் சந்தோஷப்படுவார். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனத்திலும் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுமுன், நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். போன வருஷம் அனுமதி இருந்தது என்று ஏஜென்ட் சொன்னால் அது போன வருஷத்துக்கு. அனுமதி பெற்ற படிப்பென்றால், நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-லேயே சொல்லிவிட்டது.

தபால் வழியில் கேம்பஸ் இன்டர்வியூ இருக்காது, களப்பணியும் பெயரளவுக்குத்தான். அதை நீங்களே சம்பாதிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அறிமுக வகுப்பு நடக்குமே, அதில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பகுதியை நான் எடுக்கிறேன் என்று கையைத் தூக்குங்கள். புராஜெக்ட்டையும் உங்கள் அலுவலகத்திலேயே செய்யுங்கள்.

பேரோல் பார்த்தது வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதுகலைப் பட்டத்தோடு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கடைசிச் சம்பளம், அதாவது பேசிக்கும் டி.ஏ.வும், 20,800 ரூபாய். பத்து வருஷ சர்வீஸ். எவ்வளவு? பலர் 30-ஆல் வகுப்பார்கள். வகுக்க வேண்டியது 26-ஆல். வார விடுமுறை நான்கைக் கழித்த மாதம் அது. ஒரு நாளைக்கு 800, ஒரு வருஷ சர்வீஸுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று 12,000, பத்து வருஷத்துக்கு 1,20,000. நீங்கள் இதைத் தூக்கத்தில் சொல்வீர்கள். கூடவே, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 29 பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேலே உள்ளது கிராஜுவிட்டி போன்றவற்றுக்கான சம்பளக் கணக்கில் சேரும். குறித்த காலத்துக்கு எடுத்த ஊழியருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆகவே சீனியர் அக்கா கொடுக்கும் பழைய நோட்ஸை நம்பிப் பரீட்சை எழுதலாம், பேஸ்லிப் போடக் கூடாது.

அப்புறம், நீங்கள் பெரம்பூர். 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது உங்கள் பக்கத்து பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம்.

கேள்வி: கம்பெனியில் லேபர் வெல்ஃபேர் ஆபீசர் ஆக எந்த மனிதவளப் பட்டமும் போதுமா?
– வாசகர், ஆவடி

பதில்: போதாது. தொழிலாளர் நல அதிகாரி என்கிற அந்தப் பதவிக்கு மாநில அரசு அங்கீகரித்த படிப்பு வேண்டும். சேருமுன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, அரசாணை எண்ணை எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம். முன்பு 500 பேர் இருந்த தொழிற்சாலைக்குத்தான் இந்த அதிகாரி கட்டாயம், புதிய தொகுப்பில் 250 பேர் இருந்தாலே வேண்டும். தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையத்தையும் விசாரியுங்கள். வேலை பார்க்கிறவர்களுக்காக வார இறுதியில் சட்டப் பட்டயப் படிப்பு நடத்தியவர்கள் அவர்கள்.

கேள்வி: நான் 43 வயது சூப்பர்வைசர், டிப்ளமோ மெக்கானிக்கல். ஆட்களைக் கையாள்வது எனக்குக் கைவந்த கலை. நேராக எம்.ஏ. எச்.ஆர்.டி. சேரலாமா?
– வாசகர், ஒரகடம்

பதில்: டிப்ளமோ வைத்து எம்.ஏ. சேர முடியாது, இளங்கலைப் பட்டம் வேண்டும். தபால் வழியில் பட்டம் முடிக்க மூன்று வருஷம், அப்புறம் இரண்டு. 48-ல் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவாகப் புதிதாக ஆரம்பிக்கப் போகிறீர்களா? அதற்குப் பதிலாக உங்கள் பயிற்சிப் பிரிவிடம், புது அப்ரன்டிஸ்களுக்கு மெஷின் சொல்லித் தரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஒரு வாரம், உங்கள் லைனில் "டேய்" போடாமல் இருந்து பாருங்கள்.