ஒரே படத்தில் எத்தனை இந்திரசித்து?

அன்புள்ள ஐயா,

ராஜஸ்தானின் மேவார் அரசில் வரைந்த ராமாயண ஓவியங்களை இணையத்தில் பார்த்துவருகிறேன். நாகபாசக் காட்சியில் ஒரே படத்துக்குள் இந்திரசித்து பல இடங்களில் நிற்கிறான், குழம்பிவிட்டேன். தூரம் கிட்டம் என்ற கணக்கே தெரியாமல் வரைந்தார்களா? கம்பனில் கட்டுண்டது இலக்குவன்தானே, இங்கே ராமனும் கிடக்கிறானே?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஓவியர் சாஹிப்தீன் வரைந்தது வால்மீகியை. அங்கே அண்ணன் தம்பி இருவருமே பாம்புக் கணைகளில் கட்டுண்டு விழுகிறார்கள். கம்பன்தான் அதை மாற்றி இலக்குவனையும் வானரப் படையையும் வீழ்த்தி, ராமனைப் பிறகு வரவைத்துத் துடிக்கவிடுகிறான். சீதை களம் காண்பதும் கம்பனில் பிரம்மாஸ்திரத்துக்கு அப்புறம்தான்.

சரி, குழப்பத்துக்கு வருவோம். இது சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்க வரைந்த படம் இல்லை. மேவார் ராணா முதலாம் ஜகத் சிங்குக்காக 1649 முதல் 1653 வரை உருவான சுவடியின் ஒரு தாள், அந்தச் சுவடியில் ஏறத்தாழ 400 ஓவியங்கள். கையில் எடுத்து, கிட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை. ஆமாம், படத்தையும் படிக்கத்தான் வேண்டும். ராவணனோடு இந்திரசித்து ஆலோசிக்கும் சின்ன அறையில் தொடங்குங்கள், அவன் படையோடு வெளியேறுகிறான், வானத்துத் தேரிலிருந்து எய்கிறான், அம்புகள் பாம்புகளாகிச் சுற்றிக்கொள்ள இருவரும் தரையில் கிடக்கிறார்கள், அப்புறம் திரிசடையோடு புஷ்பக விமானத்தில் வரும் சீதை மேலிருந்து அதைப் பார்க்கிறாள்.

ஒரு கணத்தை மட்டும் வரைவதென்றால் அம்பா, சீதையின் அழுகையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சாஹிப்தீன் எதையும் விட மறுக்கிறார். தூரம் கிட்டம் காட்டத் தெரிந்த முகலாய ஓவிய முறையை அறிந்தவர் அவர், தெரியாமல் செய்த வேலை இல்லை இது.

என்னை உலுக்குவது ஒன்று உண்டு. சீதை அழும் அதே தாளில், இத்தனைக்கும் திட்டம் போட்ட அந்த அறை அப்படியே இருக்கிறது. அவளுக்குக் கீழே கிடக்கும் இருவர் மட்டும்தான் தெரிகிறார்கள், இறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறாள். நமக்கு அறையும் தெரிகிறது, பாம்பும் தெரிகிறது. தூரம் கிட்டம் பார்த்து வரைந்திருந்தால் அந்த அறை எங்கோ கோட்டைச் சுவருக்குப் பின்னால் மறைந்துபோயிருக்கும்.

படத்தை நன்றாகப் பெரிதாக்கி, இந்திரசித்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பிறகு இதே சாஹிப்தீன் வரைந்த, கும்பகர்ணனை எழுப்பும் படத்துக்குப் போங்கள். அங்கே எந்த இடத்தில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.