இருட்டு படத்தில் இருக்கிறதா, பிரதியில் இருக்கிறதா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பழைய ஹாலிவுட் படங்கள் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ‘டீடூர்’ (1945) படத்தை இணையத்தில் இலவசமாகப் பார்த்தேன். பாதி நேரம் எதுவும் தெரியவில்லை. தெரிந்த முகங்களும் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தன. ‘ஃபிலிம் நுவார் என்றால் இருட்டாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்’ என்கிறான் மகன். டிவியில் கோளாறா? தெரிந்த கடைக்காரர் ஒருவர், 4கே ஆக்கிய நூறு நுவார் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தருகிறேன், சிலது கலரிலும் இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. ஃபிலிம் நுவார் என்பது 1940, 50களில் வந்த, நிழல் மிகுந்த அமெரிக்கக் குற்றப் படங்கள். நுவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாகப் பாரிஸுக்கு வந்தபோது, 1946இல், நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் பயன்படுத்திய பெயர் அது. ஆனால் அந்தக் கறுப்புக்குள் என்ன தெரிய வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தின் ஆரம்பத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான் பாருங்கள். ஜன்னல் பட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுகிறது, அதில் தூசி மிதக்கிறது. அந்தத் தூசிக்காக அலுமினியத் துகளை ஊதிவிட்டார்கள். தூசிக்கே இவ்வளவு மெனக்கெட்டவர்கள், நடிகரின் முகம் தெரியாமல் விட்டிருப்பார்களா? அந்தக் கோடுகளும் தூசியும் உங்கள் திரையில் தெரியாவிட்டால் கோளாறு பிரதியில், அல்லது டிவியில்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பிரதியின் கோளாறு. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? சாம்பல் நிறமெல்லாம் ஒன்று கறுப்பாகும், இல்லை வெள்ளையாகும். மூல நெகட்டிவிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து டிவிக்காகப் போட்ட சின்ன 16 எம்எம் பிலிம், அதிலிருந்து வீடியோ டேப், டேப்பிலிருந்து டிவிடி, அதிலிருந்து இணையம். சுண்ணாம்பு முகம் அப்படி வந்ததுதான்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 28 ஆண்டு. அதன்பின் புதுப்பிக்க வேண்டும். ‘டீடூர்’, ‘டி.ஓ.ஏ.’, ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’ போன்ற படங்களுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. கேட்பாரற்ற சொத்து என்றதும் கையில் கிடைத்த பிரதியை ஆளாளுக்குப் போட்டு விற்றார்கள். சரி, உரிமை ஒழுங்காக இருக்கும் படங்களாவது சுலபமாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உரிமைக்காரர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ரீமிங்கில் இந்த மாதம் இருப்பது அடுத்த மாதம் காணாமல் போகிறது. நியாயமாகக் காசு கொடுத்துப் பார்க்க நினைப்பவனுக்குத்தான் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது.

‘டீடூர்’ படத்துக்கு ஒருவழியாக விடிவு வந்தது. பெல்ஜியம் ஆவணக் காப்பகத்தின் உதவியோடு 2018இல் அமெரிக்காவில் அதை மீட்டெடுத்தார்கள். அடுத்த ஆண்டு கிரைட்டீரியன் நிறுவனம் டிஸ்க்காக வெளியிட்டது. அதில் பாருங்கள், வேறு படம் மாதிரி இருக்கும். நியூயார்க் தெருவில் மட்டும் பனிமூட்டம் அப்படியே இருக்கும். செட் போடப் பணமில்லாமல் புகையைப் போட்டு மறைத்தது அது. இன்னொன்று, லிஃப்ட் கேட்டுப் போகும் சில காட்சிகளில் கார்கள் சாலையின் இடப்பக்கம் ஓடும். நமக்கு உறுத்தாது, அமெரிக்காவில் அது தப்பு. பிலிமையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பிரதி மேல் பழி போட வேண்டாம்.

ஒரே ஒரு ஒளிப்பதிவாளர் விஷயத்தில் மட்டும் உங்கள் மகன் முழுக்கச் சரி. ஜான் ஆல்டன். ‘டி-மென்’ (1947), ‘ரா டீல்’ (1948) படங்களை எடுத்தவர். இவர் உண்மையிலேயே விளக்கை அணைத்துவிடுவார். ஒரே விளக்கு, மற்றதெல்லாம் கும்மிருட்டு. ‘தி பிக் காம்போ’ (1955) கடைசிக் காட்சியில் விமான நிலையத்தில் பனிமூட்டத்துக்கு முன்னால் இரண்டு உருவங்கள் நிற்கும். முகம் தெரியாது, தெரியவும் கூடாது. அதில் முகத்தைத் தேடி பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிக் காட்சியே செத்துவிடும். அப்படியானால் ஆல்டன் இருட்டையும் மட்டமான பிரதியின் இருட்டையும் எப்படிப் பிரிப்பது? உருவத்தின் விளிம்பைப் பாருங்கள். கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் ஆல்டன். ஓரம் கலங்கி, கறுப்புக்குள் புள்ளி புள்ளியாக நெளிந்தால் மட்டப் பிரதி. இதே படத்தில் காது கேட்கும் கருவியைப் பிடுங்கிவிட்டு ஒருவனைச் சுடும்போது சத்தமே வராது. அவனுக்குக் கேட்காதது நமக்கும் கேட்காது, அவ்வளவுதான். ரிமோட்டைத் தட்ட வேண்டாம்.

இனி டிவி. கடையிலிருந்து வரும்போதே ‘வைவிட்’ என்ற கண்கூசும் அமைப்பில் வைத்து அனுப்புகிறார்கள். அதை ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், அதை அணையுங்கள். இல்லாவிட்டால் சீரியல் மாதிரி தெரியும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் விட்டுவிடுங்கள், அந்தக் காலச் சட்டகம் அப்படித்தான். திரை நிறைய இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

கடைக்காரர் சொல்லும் 4கே, நீங்கள் பார்த்த அதே கெட்ட பிரதியை மென்பொருளில் போட்டு ஊதிப் பெருக்கியது. முகமெல்லாம் மெழுகுபோல் இருக்கும். நானும் ஒருமுறை இப்படி ஒரு ‘தொகுப்பு’ வாங்கி ஏமாந்தவன்தான். இருபதில் பதினேழு படத்தைப் பார்க்க முடியவில்லை. கலரோ அதைவிட மோசம். ‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’ படத்துக்குக் கலர் பூசியதை எதிர்த்து, அதன் இயக்குநர் ஜான் ஹூஸ்டனின் வாரிசுகள் பிரான்சில் வழக்குப் போட்டு 1991இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள். நிழலை நம்பி எடுத்த படத்தில் நீலக் கோட்டும் ரோஸ் கன்னமும் எதற்கு?

நல்ல டிஸ்க்கை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் முன் ஒன்று கவனியுங்கள். டிஸ்க்குகளை நாடுவாரியாகப் பகுதி பிரித்து விற்கிறார்கள், ஒரு பகுதியின் டிஸ்க் பொதுவாக அந்தப் பகுதிப் பிளேயரில்தான் ஓடும். அங்கே ப்ளூரே பகுதி ஏ, நமக்கு சி. டிவிடியில் அங்கே 1, நமக்கு 5. நம் ஊர் பிளேயர் ஏற்காமல் போகலாம். உலகத்தைக் கூறுபோட்டு விற்கும் இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபமோ! ‘ரீஜன் ஃப்ரீ’ (எல்லாப் பகுதி டிஸ்க்கும் ஓடும்) பிளேயர் என்று விற்பவர்களிடம், ப்ளூரேவுக்கும் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். பலவற்றில் டிவிடிக்கு மட்டும்தான்.