பிஎம்டபிள்யூவுக்கு இன்றிருக்கும் நற்பெயர் உண்மையில் எப்போது வந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிஎம்டபிள்யூ விமான எஞ்சின் செய்த கம்பெனி, அதன் சின்னமே சுழலும் புரொப்பெல்லர், நூறு வருடப் பாரம்பரியம் இருப்பதால்தான் இவ்வளவு மதிப்பு என்கிறார்கள். இது சரியா? இன்றும் அந்தப் பெயருக்குத் தகுதியானதா?"

மியூனிக்கில் நான்கரை வருடம் வேலை பார்த்தேன். குடியிருந்தது மில்பெர்ட்ஸ்ஹோஃபன் பகுதியில். பிஎம்டபிள்யூவின் தாய் ஆலை அங்கேதான் இருக்கிறது, வீடுகளும் கடைகளும் சூழ, ஊருக்கு நடுவிலேயே. என் வீட்டுக்காரம்மாவுக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும். ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "எங்கள் வீட்டு முதல் காருக்குக் கதவு முன்பக்கம் இருந்தது, அதுவும் பிஎம்டபிள்யூதான்" என்றார். எனக்குப் புரியவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்த நிறுவனத்தின் கதைக்குள் இறங்கினேன்.

முதலில் சின்னம். புரொப்பெல்லர் கதை தவறு. 1917 அக்டோபரில் பதிவான அந்த வட்டத்தில் இருக்கும் நீலமும் வெள்ளையும், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் நிறங்கள். மாநிலச் சின்னத்தை வணிக முத்திரையில் அப்படியே போடக் கூடாது என்று சட்டம் இருந்ததால் நிறங்களின் வரிசையை மாற்றி வைத்தார்கள். 1929இல் வந்த ஒரு விளம்பரத்தில் சுழலும் புரொப்பெல்லர்மேல் இந்தச் சின்னத்தைப் பொருத்தி வரைந்திருந்தார்கள். கதை அதிலிருந்து கிளம்பியது. நிறுவனமும் அதை அவசரப்பட்டு மறுக்கவில்லை.

விமான எஞ்சின் செய்தது உண்மை. மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த எஞ்சின் காற்று மெலிந்த உயரத்திலும் சக்தி குறையாமல் ஓடியது. ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், வெர்சாய் ஒப்பந்தத்தால் விமான எஞ்சின் செய்வதே தடையாகிவிட்டது. ரயில் பிரேக் செய்து பிழைத்தார்கள். 1923இல் ஆர்32 என்ற மோட்டார் சைக்கிள் வந்தது. கார் பக்கம் வந்ததோ 1928இல்தான், அதுவும் ஐஸெனாக் ஊரில் இருந்த ஒரு கார் ஆலையை விலைக்கு வாங்கி. அங்கே தயாராகிக்கொண்டிருந்த டிக்ஸி என்ற கார், இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்றுச் செய்தது. அதாவது பிஎம்டபிள்யூ விற்ற முதல் கார் இன்னொருவர் வடிவமைத்த சிறிய கார். சிறுநீரக வடிவ முன் கிரில் 1933இல் வந்தது. 1936இல் வந்த 328, அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் மிக அழகானவற்றில் ஒன்று என்பேன். 1940இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் முதலிடம் பிடித்தது.

அடுத்து வரும் வருடங்களைப் பாரம்பரியம் பேசுகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன். நாஜி ஆட்சியில் இந்த நிறுவனம் மீண்டும் விமான எஞ்சினுக்குத் திரும்பிப் பெருத்தது. ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தில் இருந்தது பிஎம்டபிள்யூ 801 எஞ்சின். அதைச் செய்த அல்லாக் ஆலைக்குப் பக்கத்திலேயே டாக்கௌ வதை முகாமின் கிளை முகாம் ஒன்று இருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் நிறுவனத்தில் வேலை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வலுக்கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்டவர்கள்: கைதிகள், போர்க்கைதிகள், பிடித்து வரப்பட்ட வெளிநாட்டவர். 2016இல் நூற்றாண்டு கொண்டாடியபோது நிறுவனம் இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. நூறு வருடப் பெருமையைச் சொல்பவர் இந்த வருடங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

போர் முடிந்தபோது கார் ஆலை இருந்த ஐஸெனாக் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. மியூனிக்கில் எஞ்சியது குண்டுவீச்சில் சிதைந்த கட்டடங்களும், கொஞ்ச நாள் செய்த சமையல் பாத்திரங்களும்தான். காரை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அங்கேதான் பெரிய தவறு செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

1952இல் வந்த 501 பெரிய, சொகுசான கார். அதன் வளைவுகளைப் பார்த்து மக்கள் "பரோக் தேவதை" என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வி8 எஞ்சினோடு 502. அதற்கும் மேலே 507: ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் வரைந்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார், இன்றைக்கும் கண்ணை எடுக்க முடியாத அழகு. ராணுவச் சேவைக்காக ஜெர்மனியில் இருந்தபோது எல்விஸ் பிரெஸ்லி ஒன்று வைத்திருந்தார். ஆனால் மொத்தமாகச் செய்ததே 250 சொச்சம். ஊரே இடிபாடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நாட்டில் இந்தக் கார்களை யார் வாங்குவார்கள்? வாங்கக்கூடிய சிலரும் மெர்சிடிஸ் பக்கம் போனார்கள்.

மறுமுனையில் இஸெட்டா. இதுதான் வீட்டுக்காரம்மா சொன்ன கார். இத்தாலியில் குளிர்சாதனப் பெட்டிகள் செய்துவந்த இஸோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1955இலிருந்து செய்தார்கள். முட்டை வடிவம், முன்பக்கம் ஒரே கதவு. அதைத் திறந்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து வெளியே வரும். உள்ளே பிஎம்டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் எஞ்சின். 250 சிசி என்பதால் அன்று மோட்டார் சைக்கிள் உரிமம் இருந்தாலே ஓட்டலாம். வீட்டுக்காரம்மாவின் அப்பாவிடம் அந்த உரிமம் மட்டும்தான் இருந்ததாம். மழையில் நனையாமல் ஆலைக்குப் போகலாம் என்றுதான் வாங்கினாராம். 1,60,000க்கு மேல் விற்றது.

ஆக, கோடீஸ்வரனுக்கு ஒரு கார், சம்பளக்காரனுக்கு ஒரு முட்டை. நடுவில் ஒன்றுமே இல்லை. பெரிய காரில் நஷ்டம், சின்னக் காரில் லாபம் சொற்பம், மோட்டார் சைக்கிள் சந்தையும் சரிந்துவிட்டது. நாட்டில் நடுத்தர மக்கள் கையில் பணம் சேரச் சேர, அவர்களுக்கு விற்க இந்த நிறுவனத்திடம் மட்டும் எதுவும் இல்லை.

இப்படித்தான் 1959 டிசம்பர் 9 வந்தது. மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். மேற்பார்வைக் குழுத் தலைவர் ஹான்ஸ் ஃபெய்த், டாய்ச்செ வங்கிக்காரர். அந்த வங்கிக்கு, மெர்சிடிஸ் கார் செய்த டைம்லர்-பென்ஸிலும் பெரிய பங்கு இருந்தது. அவர்கள் வைத்த திட்டம்: பழைய பங்குகளின் மதிப்பைப் பாதியாகக் குறைத்து, புதிய பங்குகளை டைம்லர்-பென்ஸ் பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது. அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும் என்று கெடுவும் வைத்திருந்தார்கள். நடந்திருந்தால் மில்பெர்ட்ஸ்ஹோஃபன் ஆலை மெர்சிடிஸுக்கு உதிரிபாகம் செய்யும் இடமாக மாறியிருக்கும்.

சிறு பங்குதாரர்களும் கார் விற்பனையாளர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் ஃபிரெட்ரிக் மாத்தெர்ன் என்ற ஃபிராங்ஃபர்ட் வழக்கறிஞர். கூட இருந்தவர் எரிக் நோல்ட், டார்ம்ஸ்டாட் ஊரில் நிலக்கரி வியாபாரம் செய்தவர். நாள் முழுக்க வாக்குவாதம். வங்கியிடம் வாக்குகள் அதிகம் என்பதால் எதிர்த்து வாக்களித்துப் பயனில்லை. ஆனால் கணக்கறிக்கையில் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அப்போதுதான் வந்திருந்த 700 என்ற புதிய காரை உருவாக்க ஆன செலவை, பல வருடங்களுக்குப் பிரித்துப் போடாமல், ஒரே வருடச் செலவாகக் காட்டியிருந்தார்கள். நஷ்டம் ஊதிப் பெருத்துத் தெரிந்தது. கணக்கில் பிழை இருந்தால் பத்து சதவீதப் பங்கு உள்ளவர்கள் கேட்டாலே கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது சட்டம். பத்து சதவீதம் திரண்டது. கூட்டம் தள்ளிப்போனது, டைம்லரின் கெடு காலாவதியானது.

இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்த வக்கீலும், அவரை நம்பிக் கை தூக்கிய சில சில்லறைப் பங்குதாரர்களும் இல்லையென்றால் இன்று நாம் பேச பிஎம்டபிள்யூ என்ற பெயரே இருந்திருக்காது.

ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் அதுவரை வங்கியின் திட்டத்தோடு ஒத்துப்போவார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். சிறுவயதிலிருந்தே பார்வை மிகவும் குன்றியவர். ஊழியர் குழுத் தலைவர் குர்ட் கோல்டாவும் அவரிடம் ஆலைக்காகப் பேசினார். குவாண்ட் மனம் மாறி, மேலும் பங்குகளை வாங்கிப் பணம் போட்டார். (குவாண்ட் குடும்பத் தொழிற்சாலைகளிலும் போர்க்காலத்தில் கட்டாய உழைப்பு நடந்தது. அது பற்றிக் குடும்பமே ஒரு வரலாற்று ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது, 2007இல் எழுந்த பலத்த விமர்சனத்துக்குப் பிறகுதான்.) சின்னக் கார் 700 நன்றாக விற்று மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்காரம்மாவின் அப்பா இஸெட்டாவை விற்றுவிட்டு அடுத்து வாங்கியதும் அதைத்தான்.

நீங்கள் கேட்கும் "பெயர்" தொடங்குவது இதற்குப் பிறகு. 1961 ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற காரைக் காட்டினார்கள். "புதிய வகுப்பு" என்று அழைத்தார்கள். நான்கு கதவு, நடுத்தர அளவு, குடும்பமே உட்காரலாம். ஆனால் 80 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, சாயங்காலம் மலைப்பாதையில் ரசித்து ஓட்டும் வண்டி. அன்றைய ஜெர்மனியில் அப்படி ஒன்றை யாரும் சரியாகச் செய்யவில்லை. மெர்சிடிஸ் கனமானது, ஃபோக்ஸ்வாகன் எளியது. நடுவில் இருந்த அந்த இடைவெளியை விற்பனைத் தலைவர் பவுல் ஹானமான் பிடித்துக்கொண்டார்.

எஞ்சினைச் செய்த அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் பந்தயம் ஓட்டியவர். பின்னாளில் பெரிதாக்க இடம்விட்டே அந்த 1.5 லிட்டர் எஞ்சினை வடிவமைத்தார். அது இரண்டு லிட்டர் வரை வளர்ந்தது. 1983இல் பிராபம் அணிக்காக நெல்சன் பிகே ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனபோது அவர் காரில் இருந்த டர்போ எஞ்சின், இதே குடும்பக் காரின் எஞ்சின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் அது ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிப் போனது. ஒரு பொறியாளனாக நான் இதை விடப் பெரிய பாராட்டை ஒரு எஞ்சினுக்குக் கேட்டதில்லை.

அப்புறம் 1968இல் "2002" என்ற கார். சின்ன உடம்பில் இரண்டு லிட்டர் எஞ்சின். அமெரிக்காவில் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். 1972இல் 5 சீரிஸ், 1975இல் 3 சீரிஸ், 1977இல் 7 சீரிஸ். எல்லாம் அந்த 1500இன் வாரிசுகள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இந்த மதிப்பு நிறுவனம் தொடங்கிய 1916இலிருந்து வந்ததல்ல, 1961க்குப் பிறகு பதினைந்து வருடத்தில் சம்பாதித்தது.

இரண்டாவது கேள்வி, இன்றும் தகுதியா என்பது. 1994இல் பிரிட்டனின் ரோவரை வாங்கி, 2000இல் வெறும் பத்து பவுண்டுக்குக் கைகழுவினார்கள். ரோவரிடம் இருந்த மினி என்ற சின்னக் காரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தில் போட்டி போடாமல் இருக்கப் போட்டியாளர்களோடு கூட்டுச் சேர்ந்ததற்காக 2021இல் ஐரோப்பிய ஆணையம் சுமார் 37 கோடி யூரோ அபராதம் போட்டது. நல்ல எஞ்சின் செய்கிறவர்களிடம் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். சூடாக்கும் இருக்கைக்கு மாதச் சந்தா கேட்டுப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். ஜெர்மனியிலேயே இந்தக் கார் ஓட்டுகிறவர்களுக்கு, நெடுஞ்சாலையில் முதுகோடு ஒட்டி வந்து விளக்கடிப்பவர்கள் என்ற கெட்ட பெயர் உண்டு. இன்னொரு பக்கம், நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினின் அந்த வழுவழுப்பும், முன்னும் பின்னும் எடை சமமாகப் பிரிந்த 3 சீரிஸ் வளைவில் திரும்பும் விதமும் இன்றும் அசலானவை. ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் விற்கும் கார்கள் பெரும்பாலும் 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் திறந்த ஆலையில், பிரித்து வரும் பாகங்களைக் கோத்துச் செய்யப்படுபவை. ஜி310 மோட்டார் சைக்கிளை ஓசூரில் டிவிஎஸ் செய்து கொடுத்தது. ஆர்32இல் தொடங்கிய வரிசையில் ஓசூரும் சேர்ந்தது எனக்குச் சந்தோஷம்.

மில்பெர்ட்ஸ்ஹோஃபன் ஆலை 2023இல் தன் கடைசி பெட்ரோல் எஞ்சினைச் செய்து முடித்தது. எஞ்சின் வேலை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விட்டது. 2027 முடிவுக்குப் பின் அங்கே மின்சாரக் கார் மட்டும்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த மின்சாரக் கார் வரிசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 1961இல் வைத்த அதே "புதிய வகுப்பு".