கெமர் எழுத்தின் கால்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கம்போடியாவில், சியெம் ரீப்புக்கு வெளியே ஒரு கிராமப் பள்ளி நூலகத்துக்கு ஓராண்டுக்குத் தன்னார்வலராக வந்திருக்கிறேன். நன்கொடையாகக் கிடைத்த மூன்று பழைய மடிக்கணினிகளில் லினக்ஸும் லிப்ரெஆபீஸும் நிறுவி, புத்தகப் பட்டியலை அதிலுள்ள கால்க் என்ற விரிதாளில் ஏற்றிவருகிறோம். தட்டச்சு செய்பவர் இங்குள்ள ஆசிரியர். லோக் க்ரூ என்றுதான் எல்லோரும் அவரை அழைக்கிறார்கள். பட்டியலில் கண்முன் இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று வருகிறது. சில இடங்களில் எழுத்துக்கு நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றுகிறது. பழைய பட்டியல் ஒன்று லிமோன் எழுத்துருவில் இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கிறது. “இலவசம் என்றால் இப்படித்தான், காசு கொடுத்து வாங்குவோம்” என்கிறார் நண்பர். திரையில் சொற்கள் சரியாகத்தான் தெரிகின்றன, எனவே எழுத்துருவில் கோளாறு என்று நினைக்கிறேன். இங்குள்ள மொழியான கெமருக்கு நல்ல இலவச எழுத்துரு எது? மெனுக்களையும் கெமருக்கு மாற்றலாமா?

மு.

அன்புள்ள மு.,

எழுத்துருவை முதலில் முடித்துவிடுவோம். பட்டியலுக்குக் கெமர் ஓஎஸ் பட்டம்பாங் அல்லது நோட்டோ சான்ஸ் கெமர் போதும். மூல் என்ற உருண்டை எழுத்து தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் உரியது, பட்டியலில் வேண்டாம். கெமர் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் அடுக்குகள் உண்டு. அதனால் வரிசையின் உயரத்தை நீங்களாக நிர்ணயிக்காமல் ‘உகந்த உயரம்’ என்று விடுங்கள், இல்லாவிட்டால் கீழ் அடுக்கு வெட்டுப்படும். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, அதில் கெமரைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் அளவையும், எழுத்து வடிவமைப்புப் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டுக்கான இடத்தில்தான் மாற்ற வேண்டும், மேற்கத்திய எழுத்துக்கான இடத்தில் மாற்றினால் கெமர் அசையாது. தமிழுக்கும் இதே பெட்டிதான் என்பதால் உங்களுக்குப் பழக்கம் இருக்கும். மெனு கெமரில் வேண்டுமா என்பதை லோக் க்ரூவிடம் கேளுங்கள். அவர் வேண்டும் என்றால் கெமர் மொழித் தொகுப்பை நிறுவுங்கள்.

இனி, சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைக் குத்தியது. “திரையில் சரியாகத்தான் தெரிகின்றன” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நூலகப் பட்டியலைச் செய்பவர் இந்த வரியை எழுதவே கூடாது. திரையில் தெரிவது படம். கோப்பில் இருப்பது எண்களின் வரிசை. தேடுவதும் அகர வரிசைப்படுத்துவதும் அந்த எண்களைத்தான் பார்க்கின்றன. கெமரில் ஒரே படத்தை இரண்டு மூன்று விதமான எண் வரிசைகளால் உண்டாக்க முடியும். உங்கள் துன்பம் முழுக்க இதில்தான் இருக்கிறது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

‘ஸ்திரீ’ என்ற சொல் கெமரிலும் உண்டு, பெண் என்றே பொருள். ஸ எழுதி, அதன் கீழே த, அதோடு ர, பிறகு ஈகாரக் குறி. கீழே அடுக்கும் எழுத்தைக் கெமர் மக்கள் ஜெங் என்கிறார்கள், கால் என்று பொருள். எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் கால் எழுத்துகளுக்குத் தனி எண் கிடையாது. ‘அடுத்து வருவது காலாக இறங்கட்டும்’ என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது. நீடா என்ற கெமர் விசைப்பலகை அமைப்பில் ஆங்கில ஜே இருக்கும் விசை அது. ஆகவே ஸ்திரீ என்பது ஆறு எண்கள்: ஸ, ஜெங், த, ஜெங், ர, ஈ.

சிக்கல் ரகரத்தின் காலில் இருக்கிறது. அது தாய் எழுத்தின், அதாவது கால்களைத் தாங்கும் முதல் எழுத்தின், இடப்பக்கமாக ஏறி நிற்கும். கண் இடமிருந்து வலமாகப் போவதால் ரகரம்தான் முதலில் படுகிறது. எனவே பலர் ஜெங்-ர முதலிலும் ஜெங்-த பிறகும் தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படமாகத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரு சிறுமி சரியான வரிசையில் தட்டித் தேடுகிறாள், அலமாரியில் புத்தகம் இருக்கிறது, பட்டியல் இல்லை என்கிறது, அவள் நம்பிவிட்டுப் போய்விடுகிறாள். இதை லோக் க்ரூவின் தவறு என்று தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் கண்ணால் கண்டதைத் தட்டியிருக்கிறார். விதியைச் சொல்லிக்கொடுக்காமல் விசைப்பலகையை மட்டும் நீட்டியது நீங்கள்.

விதி சிறியது. முதலில் தாய் எழுத்து, பிறகு கால்கள், கால்களில் ரகரம் எப்போதும் கடைசி, அதன் பின் ஒலியை மாற்றும் குறி, பிறகு உயிர்க்குறி, கடைசியில் மற்றக் குறிகள். இதை ஓர் அட்டையில் கெமரில் எழுதி மடிக்கணினியின் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தமிழில் ஏன் இவ்வளவு தொல்லை இல்லை என்று கேட்பீர்கள். ‘கொ’வை ஒற்றைக் குறியாகத் தட்டினாலும், கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினாலும் இரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது, மென்பொருள் ஒன்றாக்கிவிடும். கெமரின் ஓகாரத்தையும் அப்படி இரண்டு துண்டாகத் தட்ட முடியும், திரையிலும் பல நேரம் சரியாகவே தெரியும். ஆனால் அவை சமம் என்று எந்த விதியும் இல்லை. சமமானவற்றை ஒன்றாக்கும் நார்மலைசேஷன் செய்தாலும் ஒன்றாகாது. கெமர் 1999இல் யூனிகோடின் 3.0 பதிப்பில் ஏறியபோது அமைந்த நிலை இது. கால் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வேண்டும் என்று கம்போடிய அறிஞர்கள் பின்னர் வாதாடினார்கள், கிடைக்கவில்லை. அந்த வழக்கை இப்போது திறப்பதால் உங்கள் பட்டியலுக்குப் பயன் இல்லை.

தமிழிலும் இதே நோய் ஓர் இடத்தில் உண்டு. ஸ்ரீ என்பதை ஸகரத்தாலும் தட்டலாம், ஶகரத்தாலும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, தேடினால் இரண்டு. கெமரில் டகரத்தின் காலும் தகரத்தின் காலும் அச்சு அசலாக ஒன்றே. ‘கேள்’ என்று பொருள்படும் சொல்லை இரண்டு விதமாகவும் தட்டுகிறார்கள்.

சரிபார்க்கும் வழி கால்க்கிலேயே இருக்கிறது. மிட் ஃபங்ஷனால் ஓர் எழுத்தை எடுத்து அதை யூனிகோட் ஃபங்ஷனுக்குள் கொடுத்தால் எண் வரும். ஒரு சொல்லுக்கு எட்டுக் கட்டங்கள் ஒதுக்கி 1 முதல் 8 வரை எடுத்துப் பாருங்கள். ஜெங்கின் எண் 6098, ரகரம் 6042, தகரம் 6031, டகரம் 6026. 6098, 6042 என்ற இணையை அடுத்து மறுபடி 6098 வந்தால் வரிசை பிசகியிருக்கிறது.

திருத்துவதற்கு முன் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். ‘தேடி மாற்று’ பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை இயக்குங்கள். முதல் அடைப்புக்குறிக்குள் ஜெங்கும் ரகரமும், இரண்டாம் அடைப்புக்குறிக்குள் ஜெங்கும் ஏதேனும் ஒரு மெய்யெழுத்தும். மாற்றும் இடத்தில் $2$1. ஜெங்கைத் தனியாக ஒட்டினால் பக்கத்து எழுத்தோடு சேர்ந்துகொண்டு கண்ணை ஏமாற்றும், அதனால் தேடும் இடத்தில் அதன் யூனிகோட் எண்ணைக் கொடுப்பதே நல்லது; அங்கே 6098 என்று அல்ல, அதன் பதினாறடிமான வடிவில் \u17D2 என்று கொடுக்க வேண்டும்.

துண்டான உயிர்க்குறிகளுக்கு சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷன் போதும், எண்களை யூனிகார் வழியாகக் கொடுங்கள். 6081உம் 6070உம் சேர்ந்து வந்தால் 6084. 6081உம் 6072உம் சேர்ந்து வந்தால் 6078. முன்பின்னாகத் தட்டியிருப்பதையும் தேடுங்கள்.

உகரக் குறியான 6075ஐ அடுத்து ஈகாரக் குறியான 6072 வந்தால் அது வேறு பிழை. ஒலியை மாற்றும் குறி, மேலே ஈகாரம் இருக்கும்போது கீழே இறங்கி உகரக் குறியைப் போல உருமாறும். அதைப் பார்த்து உகரத்தையே தட்டிவிடுகிறார்கள். ‘சாப்பிடு’ என்று பொருள்படும் ‘ஸீ’ என்ற சொல்லில் இது அடிக்கடி நடக்கும். ஸ, ஹ, அ எழுத்துகளை அடுத்து வந்தால் உகரத்தை 6090 ஆக்குங்கள். ங, ஞ, ம, ய, ர, வ என்றால் 6089. பகரத்துக்கு இரண்டும் வரும், அங்கே மட்டும் லோக் க்ரூவைக் கேட்டுச் செய்யுங்கள்.

டகர-தகரக் கால்களை ஒட்டுமொத்தமாக மாற்றவே கூடாது, எழுத்துக்கூட்டல் கெடும். பக்கத்தில் ‘தேடல்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதில் மட்டும் 6098, 6026 இணைகளையெல்லாம் 6098, 6031 ஆக்குங்கள். தேடும் சொல்லையும் அதே சூத்திரத்தின் வழியாக அனுப்புங்கள். புத்தகத்தின் பெயர் தன் நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு குற்றவாளி ஸ்பேஸ் விசை. கெமரில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. நீடா அமைப்பில் ஸ்பேஸை அழுத்தினால் அகலமே இல்லாத இடைவெளி விழும், வரி எங்கே உடையலாம் என்று காட்டுவதற்காக. கண்ணுக்குத் தெரியும் இடைவெளிக்கு ஷிஃப்டோடு அழுத்த வேண்டும். லோக் க்ரூ ஒரு தலைப்பில் அதை இட்டிருப்பார், இன்னொன்றில் விட்டிருப்பார், தேடல் அங்கேயும் தோற்கும். அதன் எண் 8203. ட்ரிம் ஃபங்ஷன் அதைத் தொடாது, சப்ஸ்டிட்யூட்டால்தான் நீக்க வேண்டும். ஆனால் பட்டியலில் மட்டும் நீக்குங்கள். கதை, பாடம் என்று பத்தி பத்தியாக எழுதியதில் கை வைக்காதீர்கள். லிப்ரெஆபீஸ் அகராதியை வைத்துக் கெமர் வரியை உடைக்கும் என்றாலும், ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் வந்தால் தவறான இடத்தில் உடைத்துவிடும். அங்கே அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

புள்ளி வட்டத்தைக் கோளாறு என்கிறீர்கள். அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். தாய் எழுத்து இல்லாமல் ஒரு குறி அநாதையாக நிற்கிறது, வரிசை விதி மீறப்பட்டிருக்கிறது என்று, எழுத்துகளை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் உங்களுக்குக் காட்டும் அடையாளம் அது. வட்டம் தெரியாத எழுத்துருவைத் தேடிப் போவது, காய்ச்சலைக் காட்டும் கருவியை உடைப்பதுபோல.

உங்கள் நண்பர் சொன்னதற்கு ஒரு பத்திக்கு மேல் தர மாட்டேன். காசு கொடுத்து வாங்கும் நிரலில் இதே கோப்பைத் திறந்தாலும் இதே எண்கள்தான் உள்ளே இருக்கும். விண்டோஸில் கெமர் எழுத்துருக்கள் விஸ்டா பதிப்போடுதான் வந்தன. அதற்கு முன்பே, 2000களின் நடுவில், புனோம் பென்னில் கெமர்ஓஎஸ் திட்டத்தார் ஓபன்ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸின் கெமர் வடிவத்தையும் மக்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். டான் ஹொங் (Danh Hong) என்பவர் வரைந்த எழுத்துருக்கள் அப்போதே இலவசமாகக் கிடைத்தன. அந்த உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு ‘இலவசம் என்றால் இப்படித்தான்’ என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

லிமோன் பட்டியலை நம் பாமினி கோப்பைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் கெமர் உருவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. பார்க்கும் வரிசையில் தட்டுவதால் ஏகாரக் கொம்பும் ரகரக் காலும் தாய் எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். கெமர்ஓஎஸ்ஸின் மாற்றி இருக்கிறது. ஆனால் கோப்பை எளிய உரையாக்கி அதில் போடாதீர்கள். எழுத்துருப் பெயர் அழிந்துவிட்டால் உண்மையான ஆங்கிலத் தலைப்புகளும் கெமர் எழுத்தாகச் சிதையும். வடிவமைப்போடு ஓபன்டாக்குமெண்ட் கோப்பாக வைத்தே மாற்றுங்கள், மாற்றிய பின் மேலே சொன்ன சோதனைகளை அதன் மேலும் ஓட்டுங்கள்.

புதிய பதிவுகளுக்குக் கீமேன் என்ற தட்டச்சு நிரலை நிறுவி, ‘கெமர் அங்கோர்’ விசைப்பலகையைச் சேருங்கள். அதுவும் திறமூலம்தான், லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பின் வழியாக ஓடும். ரகரக் காலை முதலில் தட்டினாலும் தானே பின்னால் தள்ளிச் சரிசெய்யும், லோக் க்ரூவின் கைக்குத் திருத்த வேலை குறையும். ஆனால் டகரமா தகரமா என்று அதனால் முடிவுசெய்ய முடியாது, அது அவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் இருபது தலைப்புகளை மட்டும் இப்படிச் சோதித்துவிட்டு எழுதுங்கள். ஸ்திரீயிலிருந்து தொடங்கலாம்: 6047, 6098, 6031, 6098, 6042, 6072.