இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஈரம்: ஏசி டிரெய்ன் குழாயைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. மழையில்லாத நாளிலும் காரில் ஏசி போட்டால் இடப்பக்கம் மேட் நனைகிறது, சென்ட்ரல் லாக் தானாக அடித்துக்கொள்கிறது, மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மழையே இல்லாமல் நனைந்தால் ரப்பர் காரணமில்லை. அந்தச் செலவு வேண்டாம்.

முதலில் வெள்ளை டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசமும் பச்சை, சிவப்புச் சாயமும் இருந்தால் ஹீட்டர் கோர் (இன்ஜின் கூலன்ட் ஓடும், காருக்குள் சூடு தரும் சிறிய ரேடியேட்டர்) ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் ஏசிதான்.

சமதரையில் நிறுத்தி, ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். இந்தப் புழுக்கத்தில் நன்றாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லையா, ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் உள்பகுதியையும் பிரிக்கும் தகடு) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஏசி தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் தூசியும் இலைச்சருகும் சேர்ந்து அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் ஓட்டையானால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். கீழிருந்து மெதுவாகக் காற்று ஊதினால் போதும். அடைப்பு விட்டதும் அழுக்குத் தண்ணீர் சட்டென்று கொட்டும், முகத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நன்றாகச் சொட்டியும் உள்ளே நனைந்தால், குழாய் உள்பக்கம் கழன்றிருக்கிறதா பாருங்கள்.

லாக் கோளாறுக்கு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் நனைந்தது காரணமாக இருக்கலாம்: பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அடியிலுள்ள ஃபோம் மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறியே கிடக்கும். வெளியே எடுத்துத்தான் காயவைக்க வேண்டும். அங்கே ஓடும் வயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது, அதைத் தொடாதீர்கள்.